கண்ணாடிச் செருப்பும் இரும்புக் கையும்

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை காலை, தாம்பரத்தில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் என் தங்கை மகளோடு ஏறினேன். அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் இரும்பாக இருந்தது. நிஜ இரும்பல்ல, ரப்பர் போன்ற ஒரு தகட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஒட்டி, வெள்ளி வர்ணம் பூசியது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து செய்திருந்தாள். மேலே போட்டிருந்த கறுப்புக் கோட்டைத் தைத்தவள் அவள் அம்மா, அதாவது என் தங்கை. சானடோரியத்தில் ஏறிய ஒரு பூக்காரம்மாள் அந்தக் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அடிபட்டுதாம்மா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, வேஷம்.”

“எந்தக் கோயில்ல?”

“நந்தம்பாக்கத்துல.”

அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. பல்லாவரத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, “நல்லபடியா நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் கேட்ட வார்த்தைகளில் யோசனை குறைவாகவும் அர்த்தம் அதிகமாகவும் இருந்தது அதுதான்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு நாளைக்குக் காமிக் கான். காமிக்ஸ், கார்ட்டூன், ஜப்பானியச் சித்திரக் கதைகள், விண்வெளிப் படங்கள் ஆகியவற்றில் பித்துப் பிடித்தவர்களின் கூட்டம். வடக்கே பல ஊர்களில் முன்னரே நடந்துகொண்டிருந்தது, சென்னைக்கு அதுதான் முதல் தடவை. என் தங்கை, “கூட்டமா இருக்கும், நீ கூடப் போயிட்டு வா அண்ணா” என்று என்னை அனுப்பினாள். அவள் கணவர் 2016இல் போன பிறகு இம்மாதிரிக் காவல் வேலைகள் தாய்மாமனாகிய எனக்கு வந்து சேர்ந்திருந்தன. எனக்கு அன்றைக்கு வயது 68. காமிக்ஸ் என்ற சொல்லை என் வாழ்க்கையின் பெரும்பகுதி நான் ஒரு வசையாகத்தான் உபயோகித்திருக்கிறேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிறுபத்திரிகை விமர்சனத்தில் ஒரு நாவலை ஒரே வார்த்தையில் ஒழித்துக்கட்ட எங்களிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று ‘அம்புலிமாமாக் கதை’. மற்றொன்று ‘காமிக்ஸ்’. இரண்டையும் நான் தாராளமாகப் பயன்படுத்தினேன். அம்புலிமாமாவை எழுத்துக்கூட்டித்தான் நான் தமிழ் படிக்கவே கற்றுக்கொண்டேன் என்பது அப்போது நினைவுக்கு வராது. 1947இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை அது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் அதை நடத்தினார்கள். ‘பாதாள பைரவி’யையும் ‘மாயா பஜா’ரையும் எடுத்தவர்களும் அவர்களேதான். தோட்டக்காரன் மகன் ராஜகுமாரியை அடைவதும், ஏழைப் பெண் ராணியாவதும் எங்கள் தலைமுறைக்கு வடபழனியிலிருந்து அச்சிட்டும் படம்பிடித்தும் வழங்கப்பட்டன. தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் 2020இல் மறைந்தபோது, ஒரு நவீனக் கவிஞனின் மறைவுக்கு வராத துக்கம் எனக்கு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

காமிக்ஸ் என் தங்கையின் சொத்து. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாறு. அந்த முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962இல் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் பத்திரிகையில் பிறந்தவன். வலது கையை இழந்து, அங்கே எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான். கை மட்டும் காற்றில் தெரியும். அந்தக் கை கதவைத் திறக்கும், சாவியை எடுக்கும், துப்பாக்கியைப் பிடிக்கும். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில் என் தங்கை அதைப் படித்துக்கொண்டே ஒரு கையால் அடுப்பில் பாலைக் கிளறிக்கொண்டிருப்பாள். எனக்கு வாசலில் இருந்து பார்த்தால் கதவு மறைத்து அந்தக் கை மட்டும்தான் தெரியும்.

பத்து வருஷத்தில் எழுபதுக்கு மேல் சேர்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுத்த காசு. சிலவற்றை ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில் மாற்றிக்கொண்டு வருவாள். புத்தகங்களைப் பழைய புடவையில் மூட்டை கட்டி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்திருந்தாள்.

1981இல் நாங்கள் நாலு பேர் ஒரு பத்திரிகை நடத்தினோம். பெயர் வேண்டாம், ஏழு இதழ்களோடு நின்றுவிட்டது. 300 பிரதிகள், டிரெடில் அச்சு. நாலாவது இதழ் வந்தபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஐந்தாவது இதழுக்குக் காகிதம் வாங்கப் பணம் வேண்டும். ஒரு நாள் பிற்பகல், தங்கை தையல் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், மூட்டையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். நாற்பது ரூபாய் கிடைத்தது. அரை ரீம் காகிதத்துக்கு ஆயிற்று. அந்த இதழின் முதல் கட்டுரை வெகுஜன ரசனையின் சீரழிவைப் பற்றியது. எழுதியது நான்.

காகிதம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் இதைப் பற்றி இப்போது எழுதத் தோன்றியிருக்காது. மூட்டையை அவிழ்த்து அடுக்கியபோது பல புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்துக்களைப் பார்த்தேன். ஒன்று என் தங்கையின் கையெழுத்து. கீழே ‘மாயாவி’ என்று போட்டிருந்தாள். மற்றது எனக்குத் தெரியாத கையெழுத்து, கீழே ‘வேதாளன்’. கதையில் துரோகி யார் என்று மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர், இல்லை என்று மற்றவர். படத்தில் ஒரு ஆளின் கடிகாரம் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். ‘அடுத்தது எப்போது?’ என்று ஒரு வரி. வாடகைப் புத்தகக் கடை வழியாகப் புத்தகம் போய் வருகிறது, கூடவே இதுவும் போய் வருகிறது என்று எனக்குப் புரிந்தது. பதினெட்டு வயதுப் பெண். யாரோ ஒரு வேதாளன். புத்தகத்தை விற்பது திருட்டு என்று உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததற்கு இப்போது ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. மரபுத்தளைகளை உடைக்கும் கவிதைகளை வெளியிடப் பணம் தேடிக்கொண்டிருந்தவன், தங்கைக்குக் காவல்காரனாகவும் ஆகிக்கொண்டேன். இரண்டு வேலையும் ஒரே ரயில் டிக்கெட்டில் முடிந்தது.

அவள் அழவில்லை, கேட்கவுமில்லை. அன்றைக்குப் பிறகு அவள் கையில் நான் புத்தகம் பார்த்ததில்லை. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, ராணி காமிக்ஸ் வந்தது. கடைகளில் மாலை மாலையாகத் தொங்கின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் ஏற்பட்டது ஒரு வகை நிம்மதி என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1988இல் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். ஆனாலும் நான் ஒரு காதலைக் கொன்றவன் என்ற எண்ணம் என்னுள் இருந்துகொண்டே இருந்தது. இரண்டு கவிதைகளில் அதை மறைமுகமாக உபயோகப்படுத்தியும் கொண்டேன்.

பரங்கிமலையில் இறங்கி ஆட்டோவில் போனோம். வர்த்தக மையத்தின் வாசலில் நீண்ட வரிசை. முன்னால் ஒரு பையன் முதுகில் ஆளுயர வாள். பின்னால் நீலத் தலைமயிரோடு இரண்டு பெண்கள், அவர்களோடு சாதாரணப் புடவையில் ஒரு தாயார், கையில் டிபன் பாக்ஸ். உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. சத்தம், வெளிச்சம், பொம்மை விலைகள். எல்லாவற்றையும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட என் பழைய மூளை தயாராகத்தான் இருந்தது. வியாபாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் வேஷம் போட்டவர்கள் விற்க வந்தவர்கள் அல்ல. காசு செலவழித்து, கை புண்ணாகத் தைத்து ஒட்டி, வெயிலில் வேர்த்துக்கொண்டு நின்றவர்கள். முன்பின் தெரியாதவர்கள் என் தங்கை மகளின் கையைக் கண்டு ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு மாயாவியைத் தெரியவில்லை. அவள் ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னாள். அலுவலகத்தில் அவள் பேசவே மாட்டாள் என்று சொல்வார்கள்.

அங்கேதான் மொரோஜோவைப் பற்றிச் சொன்னாள். பிறகு நானும் தேடிப் படித்தேன். 1939இல் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதைப் பிரியர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. அதற்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனைப் போல உடை அணிந்து வந்தார். வேஷம் போட்டு மாநாட்டுக்கு வரும் வழக்கம் அவரிடமிருந்து தொடங்கியதாகப் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடவே அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸும் அதே மாதிரி உடையில் வந்திருந்தார். மொரோஜோ அவருடைய புனைபெயர். இரண்டு உடைகளையும் தைத்தது அவர்தான். இருவரும் எஸ்பெராண்டோ மொழிமேல் உள்ள ஈடுபாட்டில் பழகியவர்கள். சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள்; வாசகர் கடிதங்களே அதில் பிரதானம். அம்மாதிரிப் பத்திரிகைகளுக்கு 1940இல் ஒரு பெயர் உண்டாயிற்று, ஃபேன்ஸீன் என்று. ஸ்டென்ஸில் வெட்டி, கையால் சுற்றி, சில நூறு பேருக்குத் தபாலில் அனுப்புவது. புனைபெயர், கோஷ்டி, கடுமையான கடிதம், பாதியில் நின்றுபோவது எல்லாம் உண்டு. படித்தபோது எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. 1959லிருந்து 1970வரை ‘எழுத்து’ இதழைச் சுமந்த சி. சு. செல்லப்பாவை இவர்களோடு சேர்த்துச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கும். ஆனால் எங்கள் முன்னூறு பேர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட விதம் வேறாகவா இருந்தது? பஸ்ஸில் ஒருவன் கையில் ‘கசடதபற’வைப் பார்த்தால் அவன் நம் ஆள். அவன் ஊர், ஜாதி, சம்பளம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. என்னுடைய இரண்டு ஆயுள் நட்புகள் அப்படித்தான் ஏற்பட்டன.

தமிழில் இதற்கு வேறு வேறு சொல்லும் இல்லை. கலையில் தோய்ந்தவனும் ரசிகன். நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனும் ரசிகன். டி. கே. சி.க்கு ரசிகமணி என்று பட்டம். அவர் வீட்டில் கூடியது வட்டத்தொட்டி. மன்றம் வைத்தவனுக்கும் அதே பெயர்தான். மொழி செய்யாத பாகுபாட்டைச் செய்துதான் நான் விமர்சகன் ஆனேன்.

மதியம் ஒரு தூணருகில் ஊதா நிற உடையில் முகமூடியோடு ஒருவன் நின்றிருந்தான். ஃபாண்டம், தமிழில் வேதாளர். என் தங்கை மகள் அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு நேரே போய் இரும்புக் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கல் சற்று அதிக நேரம் நீடித்தது. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும் போல இருந்தது. மாயாவியும் வேதாளனும். தமிழ் காமிக்ஸில் வேஷம் போடுவதென்றால் முதலில் தோன்றக்கூடியவர்கள் இந்த இரண்டு பேர்தான். தற்செயலை நான் பெரிதாக்க விரும்பவில்லை. ஆனால் அப்போது எனக்கு வயிற்றைப் புரட்டியது.

“மாமா, இவர் மேடவாக்கத்துல இருக்கார். இரண்டு வருஷமா எனக்குப் பழைய முத்து காமிக்ஸ் தேடித் தர்றவர். நேர்ல பாக்கறது இன்னிக்குத்தான்.”

அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னான். முகமூடி இருந்த இடம் வெளுத்து, சுற்றிலும் வேர்த்திருந்தது. சாதுவான முகம். சோழிங்கநல்லூரில் வேலை. இரண்டொரு கேள்விகளில் அவன் எங்கள் ஜாதி இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விகளைக் கேட்டது நான்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவற்றின் நோக்கம் அவனுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே சொன்னான்: “வேதாளர் கதை ஆரம்பிச்சது 1936ல சார். டயானாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது 1977ல. நாப்பத்தோரு வருஷம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

திரும்பும்போது ரயிலில் அவள் ஒரு ஆங்கில நாவலைக் கையில் கொடுத்தாள். “படிச்சுப் பாருங்க மாமா. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். கல்யாணம்னு இன்னும் நாங்களே பேசிக்கல. ஆனா மறைக்கப் பிடிக்கல.”

ஆஷ்லி போஸ்டன் எழுதிய ‘கீக்கரெல்லா’, 2017இல் வந்தது. சிண்டரெல்லாவைக் காமிக் கானுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மாற்றாந்தாய் வீட்டில் வளரும் பெண், ஒரு விண்வெளித் தொடரின் ரசிகை. பூசணிக்காய் வண்டிக்குப் பதில் சாப்பாட்டு வேன். அதன் பெயர் மந்திரப் பூசணி. ராஜகுமாரன், அந்தத் தொடரைப் படமாக எடுக்கும்போது நாயகனாக நடிக்கும் இளைஞன். ஒரு தவறான எண்ணுக்குப் போன செய்தியில் தொடங்கி, யாரென்று தெரியாமலே இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். விருந்து நடனத்துக்கு அவள் போட்டுக்கொண்டு போவது இறந்த தகப்பனாரின் பழைய வேஷ உடை. மூன்று ராத்திரியில் முடித்தேன். சௌகரியமான கதை, எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது நடக்கும். விமர்சகனாக என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. அப்பாவின் கோட்டை வெட்டித் திருத்தும் இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தையல் மிஷினில் ஒரு கறுப்புக் கோட்டைத் தைத்துக்கொண்டு என் தங்கை உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. பெண்ணுக்கு மாயாவியின் கோட் எப்படி இருக்க வேண்டும் என்று அவள் புத்தகம் எதையும் பார்க்கவில்லை. காலர் எவ்வளவு அகலம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கதையின் வயதைப் பார்த்தால் அவமதிக்கத் தயக்கமாக இருக்கிறது. கண்ணாடிச் செருப்பை 1697இல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதினார். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் தேவதை இல்லை. தாயின் சமாதிமேல் வளர்ந்த மரம்தான் உடை தருகிறது. சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மீன் முள்ளிடம் வரம் கேட்கும் பெண்ணாக அவள் இருக்கிறாள். 1893இல் மேரியன் காக்ஸ் என்ற அம்மையார் இக்கதையின் 345 வடிவங்களைத் தொகுத்துவிட்டார்.

நம் பக்கத்துக் கதை எனக்குத் தெரிந்தவரை இவற்றில் எல்லாம் விசேஷமானது. ஏ. கே. ராமானுஜன் கன்னடத்திலிருந்து எடுத்து எழுதிய ஹஞ்சி. 1982இல் ஆலன் டண்டஸ் தொகுத்த சிண்டரெல்லா நூலில் அது இருக்கிறது. ஹஞ்சு என்றால் ஓடு. இந்தப் பெண்ணுக்கு ஆபத்து மாற்றாந்தாயிடமிருந்து வரவில்லை. சொந்த அண்ணனின் பார்வையிலிருந்து வருகிறது. தாய் அவள் முகத்துக்கு ஒரு மண் முகமூடி செய்து போட்டு ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறாள். பணக்காரர் வீட்டில் அந்த முகமூடியோடு வேலைக்காரியாக இருக்கிறாள். அவள் தனியே அதைக் கழற்றிவிட்டுக் குளிக்கும்போது அந்த வீட்டு இளைய மகன் பார்த்துவிடுகிறான். கல்யாணம் ஆன பிறகும் அவளுக்குத் துன்பம் தீரவில்லை. கடைசியில் தொலைந்துபோனவளை அவர்கள் அடையாளம் காண்பது செருப்பால் அல்ல, அவள் கையால் செய்த சாப்பாட்டின் ருசியால்.

செருப்புக் கதையில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. ராத்திரி முழுவதும் ஒருத்தியோடு நடனம் ஆடியவனுக்கு மறுநாள் அவள் முகம் தெரியவில்லை, அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. ஹஞ்சி கதையில் அந்த அசட்டுத்தனம் இல்லை. ஒருத்தியின் கைவேலை அவளைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த மண்டபத்தில் நான் பார்த்ததும் அதுதான். முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் கையை வைத்து ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டுப் பென்சில் எழுத்துக்களும் அந்த ஜாதிதான். அப்படியானால் கதையில் நான் யார் என்ற கேள்வி வந்தது. பெரோவின் கதையை வைத்துக்கொண்டால் நான் அந்த அக்காக்களில் ஒருத்தி. கன்னடக் கதையில் அண்ணன். அவன் குற்றம் வேறு, என் குற்றம் வேறு. ஆனால் அண்ணனுக்குப் பயந்து பெண் முகத்தை மூடிக்கொள்வது இரண்டுக்கும் பொது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் பையனைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். வாய் 1981க்குப் போய்விட்டது. மூட்டை, மூர் மார்க்கெட், நாற்பது ரூபாய், காகிதம், எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் எழுத்துக்களைப் பார்த்ததையும், வேதாளன் யார் என்று தெரிந்துகொள்ளாமலே அவனையும் சேர்த்து விற்றதையும் சொன்னேன். நாற்பத்து மூன்று வருஷமாக இது என் நெஞ்சில் இருக்கிறது என்றேன். கடைசி வாக்கியம் சொல்லும்போதே கொஞ்சம் அழகாக இருப்பது போல எனக்குத் தோன்றியது.

அவள் கீரையிலிருந்து தலை தூக்கவில்லை.

“மூட்டையை நீதான் எடுத்தேன்னு அன்னிக்கே தெரியும் அண்ணா. வீட்டுல வேற யாரு எடுப்பா? வேதாளன் யாருன்னு நினைச்ச?”

நான் பதில் சொல்லவில்லை.

“குரோம்பேட்டைப் பொண்ணு. பத்தாங்கிளாஸ். ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன், பச்சைத் தாவணி போட்டுக்கிட்டுப் புத்தகக் கடைக்கு வந்திருந்தா. சிரிச்சுக்கிட்டோம். பேசக்கூட இல்ல.”

கதையின் அடிப்பலகை உருவப்பட்டது போல இருந்தது. நான் கொன்றதாக நினைத்துக்கொண்டிருந்த காதல் இருக்கவே இல்லை. ஒரு பெண் புத்தகம் படிக்கிறாள், ஓரத்தில் எழுதுகிறாள், யாருக்கோ காத்திருக்கிறாள் என்றால் மறுமுனையில் ஒரு ராஜகுமாரன்தான் இருக்க முடியும் என்று தீர்மானித்தது நான். தேவதைக் கதைகளை எதிர்த்துக் கட்டுரை எழுதியவன் தன் வீட்டுக்குள் அதைத் தவிர வேறு கதையைப் பார்க்கவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து துப்பறிகிறார்கள் என்பது என் கற்பனைக்கு எட்டாத நவீனமாக இருந்திருக்கிறது.

“அப்புறம் ஏன் படிக்கறதையே விட்டுட்ட?”

கீரைத் தண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சற்று நேரம் கழித்துச் சொன்னாள்.

“அந்த மூட்டையில நாலு புத்தகம் அவளோடது. இரவல். சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கணும். என்னத்தக் கொடுப்பேன்? அண்ணன் வித்துட்டான்னு எழுதறதா? அந்தக் கடைப் பக்கமே போகல. அவ என்னைத் திருடின்னுதான் நினைச்சிருப்பா. புத்தகம்னு கையில எடுத்தாலே அதான் ஞாபகம் வரும்.”

இதற்கு என்னிடம் கவிதை இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நாலு புத்தகங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். மகளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவற்றைத் தேடப் போய்த்தான் மேடவாக்கம் பையன் கிடைத்திருக்கிறான். மூன்று கிடைத்துவிட்டதாம், ஒன்று பாக்கியாம். நான் செய்ததற்கு இப்படி ஒரு நல்ல விளைவு ஏற்பட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொள்வதும் அம்புலிமாமாவில்தான் நடக்கும். குரோம்பேட்டைப் பெண்ணுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். அவளிடம் யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிறகு பையனைப் பற்றிச் சொன்னேன். வேலை, வீடு, தகப்பனார், ஜாதி. கடைசியில் சொன்னதைத் தங்கை முதலில் பேசுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கு வேண்டிய பதில்களை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அதைப் பேச வேண்டிய நாள் இனிமேல்தான் வரும். சொந்தக்காரர்கள் பேசுவார்கள், அப்போது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதும் தெரிந்துவிடும். அன்றைக்கு அவள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து, உள்ளே போகும் வழியில் கேட்டது வேறு.

“இரவல் வாங்கினா திருப்பிக் கொடுக்கிற பையனா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.